கல்லுக்கு உரிய பங்கு: இந்தியா சிமென்ட்ஸும் அதன் வட்டாரமும்

கேள்வி

திருநெல்வேலியிலிருந்து மதுரை நோக்கிப் புறப்படும் ரயில் சற்று நேரத்திலேயே தாழையூத்தைக் கடந்துவிடும். ஊரின் பெயரில் தாழையும் ஊற்றும் இருக்கின்றன. வெளியுலகு அந்த ஊரை அறிந்ததோ கல்லால். 1946இல் பதிவான இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம், தன் முதல் ஆலையை 1949இல் அங்கே இயக்கத் தொடங்கியது. நிறுவியவர்கள் கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசாமியும். ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பு சங்கர் நகர் ஆயிற்று. பின்னர் அதே பெயரில் பேரூராட்சியும் அமைந்தது.

இந்த வரலாறு பொதுவாக இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. வானம் பார்த்த பூமியில் தொழில், பள்ளிக்கூடம், பாலிடெக்னிக், மாதச் சம்பளம் ஆகியவற்றைக் கொண்டுவந்த முன்னோடி என்பது ஒன்று. சில ஆலைக்காரர்கள் கூடிப் பேசி வீடு கட்டுவோரிடம் அதிக விலை வாங்கினார்கள் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் முதலாவது தொழிலாளியை மட்டும் பார்க்கிறது, இரண்டாவது வாங்குபவரை மட்டும் பார்க்கிறது. இவர்கள் இருவருக்கும் முன்பே அங்கு இருந்தது கல். ஒரு நிறுவனம் ஒரு வட்டாரத்தில் மேலோங்கி நிற்கும்போது, அந்தக் கல்லுக்கு உரிய பங்கு எந்த வழியில் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதற்கான விடையை ஆலை வளாகத்தைவிட நீதிமன்றத் தீர்ப்புகளிலும் வரி அட்டவணைகளிலும்தான் அதிகம் தேட வேண்டியிருக்கிறது.

ஆலை ஏன் கல்லைத் தேடிப் போகிறது

சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். அரைத்தால் சிமென்ட்டாகும் சுட்ட கட்டியான கிளிங்கர் ஒரு டன் எடுக்க ஏறக்குறைய ஒன்றரை டன் கல் வேண்டும். பாதிக்குப் பாதி காற்றில் போகும் சரக்கை யாரும் தொலைதூரம் சுமந்து செல்ல மாட்டார்கள். நிலக்கரியைச் சிங்கரேணியிலிருந்தோ தூத்துக்குடித் துறைமுகம் வழியாகவோ கொண்டுவந்து கொள்ளலாம். கல்லை அப்படிக் கொண்டுவந்தால் கட்டுப்படி ஆகாது. ஆகவே சிமென்ட் தொழிலின் வரைபடம் என்பது பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லின் வரைபடம்தான். மதுக்கரை (1934), டால்மியாபுரம் (1939), தாழையூத்து, சங்கரி (1963), ஆலங்குளம், அரியலூர் எல்லாம் கல் கிடக்கும் இடங்கள்.

தயாரான சிமென்ட்டும் கனமான, விலை குறைந்த பண்டம். லாரியில் போகப் போக வாடகை விலையைத் தின்றுவிடும். சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால் விற்பது ஆலைக்கு ஆதாயமில்லை. இதனால் ‘இந்தியச் சந்தை’ என்று நாம் சொல்வது உண்மையில் ஒன்றோடொன்று விளிம்பில் உரசிக்கொள்ளும் பல வட்டாரச் சந்தைகளின் தொகுப்பு. நாட்டளவில் சிறிய நிறுவனம்கூடத் தன் சுற்றுவட்டத்தில் பெரியதாக இருக்க முடியும். சாம்பல் நிறச் சிமென்ட்டைக் கல்லிலிருந்தே செய்ய வாளையாறில் ஒரே ஒரு அரசு ஆலையை மட்டும் வைத்திருக்கும் கேரளம், செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருப்பது தென்தமிழக ஆலைகளுக்கு இயற்கை தந்த கொடை.

மேலாதிக்கம் என்ற சொல்லை இங்கே கவனமாகத்தான் ஆள வேண்டும். ராம்கோ, டால்மியா, செட்டிநாடு என இந்தியா சிமென்ட்ஸுக்குப் போட்டியாளர்கள் எப்போதும் இருந்தார்கள். சில்லறைக் கடையில் அது ஒருபோதும் தனிக்காட்டு ராஜா இல்லை. ஆனால் ஓர் ஊரின் அளவில், ஒரு சுரங்கக் குத்தகையின் அளவில் அதற்கு எதிரே எவரும் இல்லை. கல்லை வாங்க வேறு ஆள் இல்லாத இடத்தில் கல்லுக்கு விலை ஏது? அங்கே இருப்பது குத்தகையும் உரிமத்தொகையும் (ராயல்டி) மட்டுமே.

கட்டுப்பாட்டுக் காலம்

வீடு கட்டச் சிமென்ட் பெர்மிட் வாங்குவதற்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அன்று விலையை நிர்ணயித்தது மத்திய அரசு. அதோடு போக்குவரத்துச் செலவும் ஒரு பொதுக் கணக்கில் சேர்க்கப்பட்டு, நாடெங்கும் ரயில் நிலையத்தில் ஒரே விலை என்ற ஏற்பாடு இருந்தது. சுரங்கமோ ஆலையோ இல்லாத பகுதிகளுக்கு அது நியாயமான ஏற்பாடே. ஆனால் சங்கர் நகர்ப் புகைபோக்கிக்குக் கீழே குடியிருந்தவரும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவரும் ஒரே விலை கொடுத்தார்கள். அருகில் இருப்பதன் ஆதாயம் வட்டாரத்துக்குக் கிடைக்கவில்லை. அருகில் இருப்பதன் தூசு கிடைத்தது.

1982 பிப்ரவரியில் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. உற்பத்தியில் ஒரு பங்கை ‘லெவி’யாக அரசுக்குக் கொடுத்துவிட்டு மீதியை வெளிச்சந்தையில் விற்கலாம் என்றானது. 1989 மார்ச்சில் கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது. கல்லுக்கு அருகில் இருப்பது அந்த மாதத்திலிருந்து உண்மையான சொத்தாக மாறியது. அந்தச் சொத்தின் மீது உள்ளூர் அமைப்புகள் தீர்வை விதிக்கலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் விடை சொன்னதும் அதே 1989இல்தான்.

சின்னகவுண்டனூர் வழக்கு

இந்தியா சிமென்ட்ஸ் என்ற பெயரை வணிக உலகைவிட அதிகமாக உச்சரித்தது சட்ட உலகம் எனலாம். ‘இந்தியா சிமென்ட்ஸ் எதிர் தமிழ்நாடு அரசு’ என்ற 1989 அக்டோபர் 25 தீர்ப்பு, 35 ஆண்டுகள் இந்தியாவின் கனிம வரிச் சட்டத்துக்கு அச்சாணியாக இருந்தது. நிறுவனத்தின் வரலாற்றை எழுதுவோர் இதை அடிக்குறிப்பாகக்கூடச் சேர்ப்பதில்லை. வட்டாரப் பொருளாதாரத்தில் அதன் பங்கை மதிப்பிட வேண்டுமானால் தொடங்க வேண்டிய இடமே இதுதான் என்பது என் கருத்து.

கதை சிறியது. 1963 ஜூலையில், சேலம் மாவட்டம் சங்கரி வட்டம் சின்னகவுண்டனூரில் சுண்ணாம்புக்கல்லும் சுக்கான்கல்லும் எடுக்கத் தமிழக அரசு நிறுவனத்துக்கு 20 ஆண்டு குத்தகை தந்தது. பரப்பு 133.91 ஏக்கர். அதில் அரசு நிலம் 7.77 ஏக்கர் மட்டுமே. மற்றதெல்லாம் பட்டா நிலம். 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம், நிலவரியில் ரூபாய்க்கு 45 காசு வீதம் உள்ளாட்சித் தீர்வை விதிக்க வழிசெய்திருந்தது. 1964இல் அச்சட்டத்துக்கு ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டு, கனிமத்துக்குச் செலுத்தும் உரிமத்தொகையும் நிலவரி என்ற சொல்லுக்குள் அடங்கும் என்றானது. ஆலை எவ்வளவு கல் எடுக்கிறதோ அதற்கேற்ப உள்ளாட்சிக்கும் காசு வரும் என்பதே இதன் உட்பொருள். நிறுவனம் எதிர்த்தது. உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ஏழு நீதிபதிகள் அமர்வு நிறுவனத்தின் பக்கம் நின்றது. உரிமத்தொகை எடுக்கப்படும் கனிமத்தின் அளவைப் பொறுத்தது, நிலத்தைப் பொறுத்ததன்று. ஆகவே அதன் மீதான தீர்வையை நில வரி என்று சொல்ல முடியாது. 1957ஆம் ஆண்டின் மத்தியக் கனிமச் சட்டம் அந்தக் களத்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. இப்படிச் சென்றது வாதம். ஏற்கெனவே வசூலானதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற ஆறுதல் மட்டும் அரசுக்குக் கிடைத்தது. உரிமத்தொகையே ஒரு வரி என்ற கூற்றும் தீர்ப்பில் இடம்பெற்றது.

அந்தக் கூற்றின் பிற்காலக் கதை விசித்திரமானது. மேற்கு வங்க அரசுக்கும் கேசோராம் இண்டஸ்ட்ரீஸுக்கும் இடையிலான வழக்கில் 2004இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அது அச்சுப் பிழையாக இருக்க வேண்டும் என்றது. உரிமத்தொகையின் மீதான தீர்வை ஒரு வரி என்று எழுத நினைத்ததுதான் உரிமத்தொகை ஒரு வரி என்று பதிவாகிவிட்டதாம். ஏழு பேர் சொன்னதை ஐந்து பேர் எழுத்துப்பிழை என்று திருத்தலாமா என்ற சிக்கல் எழுந்தது. 2011இல் வழக்கு ஒன்பது நீதிபதிகளிடம் அனுப்பப்பட்டது. அந்த அமர்வு 2024 ஜூலை 25 அன்று 8-1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: உரிமத்தொகை வரியன்று, குத்தகைக்கு ஈடான தொகை, கனிமம் தாங்கிய நிலத்தின் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு, 1989 தீர்ப்பு தவறு. நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார்.

மாறுபட்ட தரப்பின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறினால், கனிமம் உள்ள மாநிலங்கள் போட்டி போட்டுக்கொண்டு வரியைக் கூட்டும், தொழில் விலையெல்லாம் குழம்பும் என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் 1989க்கும் 2024க்கும் இடையிலான காலம் எப்படிப்பட்டது என்பதையும் எண்ண வேண்டும். விலைக் கட்டுப்பாடு நீங்கி, தென்னிந்தியச் சிமென்ட் ஆலைகள் வரலாறு காணாத அளவில் விரிந்த காலம் அது. அந்த 35 ஆண்டுகளும் கல்லின் மீது கை வைக்கும் வழி வட்டாரத்துக்கு அடைபட்டே இருந்தது.

பட்டா நிலத்தின் கேள்வி வேறு. 133.91 ஏக்கரில் 126 ஏக்கர் பட்டா என்றால் அடியில் கிடக்கும் கல் யாருடையது? மலபார் நிலங்கள் தொடர்பான ஒரு வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், உரிமையைப் பறிக்கும் சட்டம் எதுவும் இல்லாதவரை கனிமம் நிலத்துக்கு உடையவருக்கே என்றது. சின்னகவுண்டனூரில் 1963இல் அப்படிக் கேட்டிருக்கக்கூடிய பட்டாதாரரின் குரல் எந்தத் தீர்ப்பிலும் பதிவாகவில்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. தமிழ் அரசியலில் ஒரு சிமென்ட் ஆலை பெரும் போராட்டக் களமாக மாறியது 1953 ஜூலை 15 அன்று டால்மியாபுரத்தில். வடநாட்டு முதலாளி டால்மியாவின் பெயரை நீக்கிக் கல்லக்குடி என்ற பெயரை மீட்கத் தி.மு.க. தண்டவாளத்தில் இறங்கியது. மு. கருணாநிதியின் பெயர் நாடறிந்ததில் அந்த நாளுக்குப் பெரிய பங்கு உண்டு. உயிரிழப்பும் நேர்ந்தது. பலகையில் யார் பெயர் என்பது அன்றைய கேள்வி. சங்கர் நகரும் முதலாளி பெயரால் அமைந்ததுதான். ஆனால் அவர் உள்ளூர்க்காரர், அதனால் அங்கே தண்டவாளம் தேவைப்படவில்லை. கல் டன்னுக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று எந்தப் பலகையின் முன்னும் எவரும் கேட்கவில்லை.

உபரி இருந்தும் இறங்காத விலை

கட்டுப்பாடு நீங்கியபின் நிறுவனம் எடுத்த வழி விலைக்கு வாங்கி வளர்வது. ஆந்திரத்தின் சிலம்கூரு, எர்ரகுண்ட்லா ஆலைகள் கைக்கு வந்தன. 1998இல் பி.வி. ராஜுவின் ராசி சிமென்ட்டை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பங்குச் சந்தை வழியே வளைத்தது அன்றைய வணிகப் பக்கங்களின் பெரும் செய்தி. 1989 முதல் நிர்வாகப் பொறுப்பில் இருந்த என். சீனிவாசனின் துணிச்சல் என்று அதைப் பாராட்டியவர்கள் உண்டு. அந்தத் துணிச்சலுக்காக வாங்கிய கடன் நிறுவனத்தை ஆண்டுக்கணக்கில் அழுத்தியது. 2008இல் வாங்கிய கிரிக்கெட் அணிதான் கம்பெனியின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. ஆனால் உலைக்கும் சுரங்கத்துக்கும் அதனால் என்ன பயன் என்பது வேறு கணக்கு.

தென்னிந்தியச் சந்தையைப் பற்றி எல்லாரும் ஒப்புக்கொள்ளும் புதிர் ஒன்று உண்டு. நாட்டிலேயே தேவைக்கு மிக அதிகமாக உற்பத்தித் திறன் இருப்பதும், அதனால் ஆலைகள் மிகக் குறைவாக ஓடுவதும் இங்கேதான். பாடப்புத்தகப்படி விலை சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை.

இதற்குக் கட்டடக்காரர்கள் சொன்ன விளக்கம் கூட்டுச் சதி. அவர்களுடைய சங்கம் கொடுத்த புகாரின்பேரில் இந்தியப் போட்டி ஆணையம் 2012 ஜூனில் 11 சிமென்ட் நிறுவனங்களுக்கு 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. இந்தியா சிமென்ட்ஸின் பங்கு ஏறத்தாழ 187 கோடி, மெட்ராஸ் சிமென்ட்ஸின் (இன்றைய ராம்கோ) பங்கு ஏறத்தாழ 258 கோடி. விலைகள் ஒன்றாக நகர்ந்தது, திறன் இருந்தும் உற்பத்தியைக் குறைத்தது, உற்பத்தியாளர் சங்கத்தின் கூட்டங்கள் ஆகியவை சான்றுகளாகக் காட்டப்பட்டன. நடைமுறைக் குறைபாட்டால் 2015இல் அந்த ஆணை ரத்தாகி, 2016இல் மறுபடி பிறப்பிக்கப்பட்டு, 2018இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தால் உறுதியாகி, பிறகு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

நிறுவனங்களின் மறுப்பிலும் சாரம் உண்டு. எல்லா மூட்டையிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே பொடி. ஒருவர் விலையை ஏற்றினால் மற்றவர் ஏற்றுவதற்குக் கூடிப் பேச வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். ஆணையமும் தனியொரு நிறுவனத்தை மேலாதிக்க நிலையில் இருப்பதாகக் கருதவில்லை. ஆனால் இந்த மறுப்பு பாதிக் கேள்விக்குத்தான் பதில். விலை ஒன்றாக ஏறுவதை அது விளக்குகிறது; சும்மா கிடக்கும் உலையை ஓட்டி விலையைக் குறைத்துச் சந்தையைப் பிடிக்க ஒருவரும் முனையாததை விளக்கவில்லை. எனக்குப் படுவது இது: கல் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அவசரமில்லை. குத்தகை நீண்டது, கல் கெட்டுப்போவதில்லை, புதிதாக நுழைபவருக்கு அதே வட்டத்தில் கல் கிடைக்காது. சும்மா கிடக்கும் திறன்கூட, வெளியாரை அருகில் அண்டவிடாத வேலியாகிவிடுகிறது.

அரசு இந்தச் சந்தையில் எவ்வளவு பலவீனமாக இருந்தது என்பதற்கு 2014இல் அறிவிக்கப்பட்ட அம்மா சிமென்ட் திட்டமே சான்று. மூட்டை 190 ரூபாய், 1,500 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு. ஆலங்குளத்திலும் அரியலூரிலும் அரசுக்கே ஆலைகள் இருந்தபோதும், திட்டத்துக்கான சிமென்ட்டைத் தனியார் ஆலைகளிடமிருந்து வாங்க வேண்டியிருந்தது. ஏழைக்குச் சலுகை கிடைத்தது உண்மை; அத்துடன் சும்மா இருந்த உலைகளுக்கு நிச்சயமான கொள்முதலும் கிடைத்தது. 2021இல் வந்த அரசின் ‘வலிமை’ சிமென்ட்டும் விலையின் போக்கைப் பெரிதாக மாற்றிவிடவில்லை.

ஒரு மூட்டையின் கணக்கு

சாம்பல் கலந்த போர்ட்லண்டு சிமென்ட் 50 கிலோ மூட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் கிளிங்கர் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதற்குத் தேவையான கல் சுமார் 50 கிலோ. சுண்ணாம்புக்கல்லுக்கான உரிமத்தொகை டன்னுக்கு 80 ரூபாய். ஆகவே மூட்டைக்கு நாலு ரூபாய். 2015 சட்டத் திருத்தத்துக்கு முந்தைய குத்தகைகளில் உரிமத்தொகையில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகை, அதற்கு மேல் கூடுதலாக, மாவட்டக் கனிம நிதிக்குப் போகும். மூட்டைக்கு ஒன்றேகால் ரூபாய் போல. சுரங்கம் இருக்கும் மாவட்டத்துக்கென்று சட்டப்படி ஒதுங்குவது இந்தக் கடைசித் தொகை மட்டும்.

அதே மூட்டையின் அடிப்படை விலை 280 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்தால், 28 சதவீத ஜி.எஸ்.டி. 78 ரூபாய். 2025 செப்டம்பரில் 18 சதவீதமாகக் குறைந்தபின் 50 ரூபாய். ஜி.எஸ்.டி. நுகரும் இடத்தின் வரி. தாழையூத்துக் கல் கொல்லத்தில் வீடானால் மாநிலப் பங்கு கேரளத்துக்கே போகும். வரி முறையில் இது பிழையில்லை. ஆனால் தோண்டிய பள்ளம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை அந்த முறை கேட்பதே இல்லை.

சம்பளம்தான் வட்டாரத்துக்கு வந்த பெரிய வரவு, ஐயமில்லை. ஆலையில் நிரந்தர வேலை என்றால் பெண் கொடுக்கத் தயங்காத காலம் இருந்தது. ஆனால் சிமென்ட் எப்போதும் ஆட்களைவிட இயந்திரம் அதிகம் கேட்கும் தொழில். மூட்டை நிரப்புவதும் ஏற்றுவதும் இயந்திரமயமாக, மீதி வேலைகள் ஒப்பந்தக்காரர்களின் கைக்குப் போக, உற்பத்தி ஏறிய வேகத்தில் வேலை ஏறவில்லை. லாரி, டீக்கடை, பட்டறை என்று சுற்றிலும் வளர்ந்த பிழைப்புகள் உண்மையானவை. அவையும் உலை ஓடும் நாட்களைப் பொறுத்தவை.

2024

எல்லாம் ஒரே ஆண்டில் நடந்தன. ஜூலை 25இல் தீர்ப்பு. மூன்று நாள் கழித்து, ஜூலை 28இல், இந்தியா சிமென்ட்ஸின் நிறுவனர் தரப்புப் பங்குகள் 32.72 சதவீதத்தைப் பங்கு 390 ரூபாய் வீதம் 3,954 கோடிக்கு வாங்குவதாக ஆதித்ய பிர்லா குழுமத்தின் அல்ட்ராடெக் அறிவித்தது. அதற்கு முன் ஜூனிலேயே சுமார் 23 சதவீதம் அதன் கைக்குப் போயிருந்தது. டிசம்பரில் போட்டி ஆணையம் அனுமதித்தது, கைமாற்றம் முடிந்தது. ஆண்டுக்கு 1.445 கோடி டன் திறன், அதில் 1.295 கோடி டன் தெற்கில். கடனும் எரிபொருள் விலையும் நிறுவனத்தை நஷ்டத்தில் தள்ளியிருந்தபோதும் அதற்கு இந்த விலை கிடைத்தது. பழைய உலைகளுக்காக மட்டும் இவ்வளவு யாரும் தரமாட்டார்கள். விலைபோனதில் கணிசமான பங்கு கல் மீதான உரிமையும் சந்தைக்கு அருகில் இருக்கும் இடமும் என்றே கொள்ள வேண்டும். கல்லுக்கு விலை ஏது என்று மேலே கேட்டேன். அதற்குச் சந்தை முதன்முறையாக ஏறக்குறைய ஒரு தொகையைச் சொன்னது அப்போதுதான். அதைப் பெற்றவர்கள் பங்குதாரர்கள்.

தீர்ப்பைத் தொடர்ந்து தமிழக அரசு கனிமம் தாங்கிய நிலங்களுக்கான வரிச் சட்டத்தை 2024 டிசம்பரில் நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 4 முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய், அதாவது உரிமத்தொகையைப் போல் இரண்டு மடங்கு. மேலே சொன்ன மூட்டைக்கு எட்டு ரூபாய். ஆலைகள் இதை விலையில் ஏற்றின. கட்டுபவர் தலையில்தான் இது விடியும் என்ற விமர்சனம் உடனே எழுந்தது. வரியை அப்படியே வாங்குபவர்மேல் இறக்க முடிகிற சந்தையைத்தான் முந்தைய பகுதியில் பார்த்தோம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, 1964 விளக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. அன்றைய தீர்வை உள்ளாட்சிக்கென்றே விதிக்கப்பட்டது. இன்றைய வரியை விதிப்பது மாநில அரசு, தன் பெயரில். சின்னகவுண்டனூர் வழக்கு ஊராட்சிச் சட்டத்தில் தொடங்கியது என்பது முடிவில் யாருக்கும் நினைவில் இல்லை.

2025 மார்ச்சில் கேசோராமின் சிமென்ட் தொழிலும் அல்ட்ராடெக்கோடு இணைந்தது. கல்லின் மீது வரி கூடாது என்ற தீர்ப்புக்குப் பெயர் கொடுத்த நிறுவனமும், அந்தத் தீர்ப்பின் வாசகம் அச்சுப் பிழை என்ற தீர்ப்புக்குப் பெயர் கொடுத்த நிறுவனத்தின் உலைகளும் இப்போது ஒரே உரிமையாளரிடம் இருக்கின்றன.